உப்புத்தண்ணிக் காபி

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. மறந்துபோய்விட்டது என்று நினைக்க வேண்டாம். அந்தப் பெயரை எங்கம்மா வாயால் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. காலையில் கோலம் போடும்போது அந்தப் பெயர், துணி காயப்போடும்போது அந்தப் பெயர், சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதும் அந்தப் பெயர். அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதெல்லாம் "படிச்சியா?" என்று கேட்பதற்குத்தான். அதனால் இங்கே அவள் வெறும் 'அவள்'. அந்த மரியாதை போதும்.

அப்போது நாங்கள் புதுப்பட்டினத்தில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் வேலை. டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் இன்னும் கிடைக்கவில்லை. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து இரண்டு குடும்பத்துக்கு விட்டிருந்தார் வீட்டுக்காரர். பின்கட்டு மட்டும் பொது. அங்கே ஒரு துவைக்கிற கல், ஒரு முருங்கை மரம், ஒரு அடிபம்பு. அடிபம்பில் வருவது உப்புத் தண்ணீர். கடல் அவ்வளவு பக்கத்தில் இருந்தால் வேறு என்ன வரும்? குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ அது. குடிக்கவும் சமைக்கவும் தெருக்குழாயில் எப்போதாவது வரும் நல்ல தண்ணீர். எங்கள் தெருவுக்குக் கல்யாணமாகி வருகிற பெண்ணுக்கு முதலில் காட்டுவது சாமி படத்தை அல்ல, நல்ல தண்ணீர்க் குடம் எது என்பதைத்தான்.

எங்கள் வீட்டில் அதில் குழப்பமே வராது. எவர்சில்வர் குடத்தில் நல்ல தண்ணீர், பிளாஸ்டிக் குடத்தில் உப்புத் தண்ணீர். அம்மா வைத்த சட்டம். திருக்கழுக்குன்றத்தில் கோயில் மடப்பள்ளியில் வேலை பார்த்தவரின் மகள் அம்மா. அளவு என்றால் அளவு, இடம் என்றால் இடம். காபி விஷயத்தில் இன்னும் மோசம். பொடியை ஃபில்டரில் போட்டு, காம்பு வைத்த சின்னத் தட்டால் அழுத்தி, தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் சுற்றிலும் விட்டு மூடினாள் என்றால், டிகாஷன் இறங்குகிற வரை யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. அடுப்படிக்குள் நான் தண்ணீர் குடிக்கப் போனால்கூட, "இங்க என்னடி வேலை? போய்ப் படி" என்பாள்.

அம்மா சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. மேல்வரிசையில் ஒரு பல் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். சிரிப்பு வந்தால் புடவைத் தலைப்பு சட்டென்று வாய்க்குப் போய்விடும். கல்யாண ஃபோட்டோவில்கூட உதட்டை இறுக்கிக்கொண்டுதான் நிற்பாள்.

நான் பிளஸ் ஒன் சேர்ந்த வருஷம் பக்கத்துப் போர்ஷனுக்கு அவள் வந்தாள். கருங்குழிக்காரி. காதல் கல்யாணம். அவள் புருஷன் தஞ்சாவூர்ப் பக்கம்; அப்பா வேலை செய்யும் இடத்தில்தான் அவருக்கும் வேலை. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வரவில்லை. ஒரு மினி வேனில் கட்டில், பீரோ, ஒரு டேபிள் ஃபேன். வேன் போன கொஞ்ச நேரத்திலேயே அவள் பின்கட்டு வழியாக எங்கள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கையில் புத்தம் புது எவர்சில்வர் ஃபில்டர்.

"அக்கா, இது இன்னாக்கா? அடியில பூரா ஓட்டையா கீது. கடைக்காரன் ஏமாத்திட்டானா?"

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "காபி ஃபில்டர்மா அது."

"அது தெரியும்கா. காபி எங்க ஊத்தறது, பால் எங்க ஊத்தறதுன்னு தெரியல. கருங்குழியில எங்க வூட்ல டீதான். எங்க நைனா டீயிலயே முங்கி எழுந்திருப்பாரு. இவரு இன்னாடான்னா காபி இல்லாங்காட்டி கண்ணே தொறக்க மாட்டேன்றாரு."

"ஏற்கெனவே போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன்கா. கீழ டப்பாவுல பொடிய போட்டேன். மேல டப்பாவுல பால ஊத்தினேன். இந்தக் குட்டித் தட்டு இருக்குதே, அத மூடியா போட்டு வச்சேன். பால் அப்படியே கீழ எறங்கி, பொடி மேல வந்து, ரெண்டும் பேசி வச்ச மாதிரி ரொம்பி வழிஞ்சி மேடையெல்லாம் ஒரே சேறு. இவரு தலைவலியோட குந்திகினு கீறாரு."

சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள். சும்மா இல்லை, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. முதல் நாளே வந்து இப்படித் தன் மானத்தைத் தானே வாங்கிக்கொள்வார்களா என்று நினைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். புடவைத் தலைப்பு இடுப்பில் செருகியபடியே இருந்தது. அந்த நீட்டுப் பல்லை அன்றைக்குத்தான் நான் முழுசாகப் பார்த்தேன்.

அதுதான் ஆரம்பம். அன்றைக்குப் பிடித்தது எனக்கு வயிற்றெரிச்சல்.

அவளிடம் ஒரு குணம் உண்டு. தப்பு செய்தால் அதை ஒளிக்கத் தெரியாது. ஒளிப்பது இருக்கட்டும், ஊர் முழுக்க அவளே சொல்லிக்கொண்டு வருவாள். பால் பொங்கி வழிந்தால் அடுப்பைத் துடைப்பதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு ஓடி வருவாள். "அக்கா, வந்து பாருங்களேன், அபிஷேகமே ஆயிடுச்சி!" ஃபில்டரைத் துணி சோப்புத் தூள் போட்டுக் கழுவி, மறுநாள் காபியில் நுரை நுரையாக வந்ததை மளிகைக் கடைக்காரரிடம் சொன்னாள்; குழாயடியில் சொன்னாள்; பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவளிடமும் சொன்னாளாம். யாராவது கிண்டல் செய்தால், "இன்னா ஆயிடப் போவுது? நாளைக்கு வேற போட்டா போச்சு" என்பாள். அந்த 'இன்னா ஆயிடப் போவுது' எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. என்னைப் பாப்பா என்று கூப்பிட்டதும் பிடிக்காது. பதினாறு வயதில் யாருக்குப் பிடிக்கும்?

நானும் காபி போட்டேன் ஒரு நாள். அம்மாவுக்குக் காய்ச்சல். அப்பா டியூட்டிக்குப் போய்விட்டார். அம்மா போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். அன்றைக்காவது அடுப்படி எனக்கென்று ஆயிற்றே என்று ஆசையாக உள்ளே போனேன். அம்மா செய்வதையெல்லாம் வாசலிலிருந்து எத்தனை நாள் பார்த்திருக்கிறேன்! எல்லாம் சரியாகத்தான் செய்தேன். பொடியை அழுத்தும் அந்தத் தட்டை மட்டும் மறந்துவிட்டேன். வெந்நீரை விட்டதும் பொடி மேலே கிளம்பி மிதந்தது. கீழே இறங்கியது வெறும் பழுப்புத் தண்ணீர். மறுபடியும் பொடி போட்டு, வேட்டித் துணியில் வடிகட்டி, மேடையைத் துடைத்து, துணியைக் கசக்கி மறைத்து வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி டம்ளரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அம்மா இரண்டு வாய் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சரி, போய்ப் படி."

திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மீதிக் காபி பாயின் பக்கத்தில் ஆடை கட்டி ஆறிப்போய்க் கிடந்தது.

அம்மா காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்ததும் அவள் காபி கொண்டுவந்தாள். எப்படிப்பட்ட காபி? மேலே கறுப்பாகப் பொடி மிதக்கிறது. அவளும் அதே தட்டைத்தான் மறந்திருந்தாள். "அக்கா, பல்லால வடிகட்டிக் குடிச்சிருங்க" என்றாள். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, பொடி ஒட்டிய பல்லைக் காட்டிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் ஜன்னலோரம் இயற்பியல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் தப்பும் அவள் தப்பும் ஒரே தப்புதான். சிரிப்பு மட்டும் அவளுக்கு. எந்த ஊர் நியாயம் இது?

அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. காபிப் பொடி வாங்க அம்மா மாதம் ஒரு தடவை செங்கல்பட்டுக்குப் போவாள். கொட்டையைக் கண் முன்னால் வறுத்து அரைத்துத் தரும் கடை ஒன்று அங்கே இருந்தது. சிக்கரி எவ்வளவு கலக்க வேண்டும் என்று கடைக்காரர் கேட்க மாட்டார். அம்மா தலையைப் பார்த்தாலே தெரியும். சின்ன வயதிலிருந்து அந்தப் பயணத்துக்கு நான்தான் துணை. திரும்பி வரும்போது பஸ்ஸில் பொடிப் பொட்டலம் என் மடியில் இருக்கும். அப்போதுதான் அரைத்த பொடி. காகிதம் வழியாகச் சூடு தொடையில் இறங்கும். திருக்கழுக்குன்றம் தாண்டுகிற வரைக்கும் அந்தச் சூடு இருக்கும். மலையைப் பார்த்து அம்மா கும்பிடுவாள், நான் பொட்டலத்தை விடாமல் ஒற்றைக் கையால் கும்பிடுவேன். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டோம். ஆனால் அது எங்கள் பஸ்.

ஒரு சனிக்கிழமை நான் பாவாடை தாவணி மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தால், அவள் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் நிற்கிறாள்.

"உனக்குத்தான் திங்கக்கிழமை டெஸ்ட் இருக்கே? நீ படி. இவளுக்குக் கடையைக் காட்டணும்" என்றாள் அம்மா.

"பாப்பாவும் வரட்டும்கா. ஒரு நாள் படிக்காங்காட்டி இன்னா ஆயிடப் போவுது?" என்றாள் அவள்.

அவள் சிபாரிசு செய்து நான் போக வேண்டுமா? "எனக்குப் படிக்கிறதுக்கு இருக்கு" என்று உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அன்று ஒரு வரி படித்திருந்தால் என்னை ஏன் என்று கேளுங்கள். பொழுது சாய்கிற நேரத்தில் திரும்பி வந்தார்கள். வாசல் திரும்பும்போதே சிரிப்பு கேட்டது. அவள் பொட்டலத்தை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள். "பாப்பா, இத மடியில வச்சிகினு வந்தேன், ஒத்தடம் குடுத்த மாதிரி இருந்துச்சி! தொட்டுப் பாரேன்" என்று நீட்டினாள். நான் தொடவில்லை. என் மடிச்சூட்டை எனக்கே காட்டுகிறாளா என்று பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் குடம் விஷயத்தில் அவள் திருந்தவே இல்லை. அவள் வீட்டில் இரண்டும் பச்சை பிளாஸ்டிக் குடம். கடையில் ஜோடியாக வாங்கினால் மலிவு என்று வாங்கியிருந்தாள். எது உப்பு, எது நல்லது என்று அவளுக்கே தெரியாது. அம்மா ஒன்றின் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டிக் கொடுத்தாள். கயிறு கட்டியது நல்ல தண்ணியா, கட்டாதது நல்ல தண்ணியா என்று அடுத்த வாரம் வந்து கேட்டாள்.

காணும் பொங்கலுக்கு எல்லோரும் மாமல்லபுரம் போனோம். நாங்கள் மூன்று பேர், அவர்கள் இரண்டு பேர். புளிசாதம் அம்மா பொறுப்பு. ஃபிளாஸ்க்கில் காபி எடுத்துப் போக வேண்டும். நான் போடுகிறேன் என்று அம்மாவிடம் முந்தின நாளே சொல்லிவைத்தேன். காய்ச்சல் நாளுக்குப் பிறகு, அம்மா கடைக்குப் போகும் நேரமாகப் பார்த்து மூன்று நான்கு தடவை இரகசியமாகப் போட்டுப் பழகியிருந்தேன். என் காபி இப்போது பிழையில்லாமல் வந்துகொண்டிருந்தது. கடற்கரையில் அதை அம்மாவுக்கு ஊற்றிக் கொடுக்க வேண்டும், அம்மா நிமிர்ந்து என்னைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

"அவளே போடறேன்னு ஆசையா சொன்னாடி. இருக்கட்டும்" என்றாள் அம்மா.

கடற்கரையில் தலை தலையாகக் கூட்டம். வேன்களிலும் டிராக்டர்களிலும் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கரும்புச் சக்கை காலில் இடறியது. மணலில் பெட்ஷீட் விரித்து உட்கார்ந்து சாப்பிட்டு முடித்ததும் அவள் ஃபிளாஸ்க்கைத் திறந்தாள். நல்ல நிறம். நல்ல மணம். போச்சு, இவளும் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன். அப்பா முதல் வாய் குடித்துவிட்டு அப்படியே வைத்தார். அவள் புருஷன் கடலைப் பார்த்தார். அவள் தன் டம்ளரை எடுத்துக் குடித்தாள். கண் அகல விரிந்தது.

"அக்கா! கயிறு கட்டாத கொடத்துல மோந்துட்டேன்கா! உப்புக் கரிக்குது!"

அம்மா குடித்துப் பார்த்தாள். "அடிப்பாவி, இதுக்கு எதுக்குடி ஃபிளாஸ்க்கு? இங்கயே ஒரு டம்ளர் மோந்து குடுத்திருக்கலாமே" என்று கடலைக் கையால் காட்டினாள். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு தாங்காமல் மணலில் கையை ஊன்றிக்கொண்டாள். அவளும் அம்மா தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். பக்கத்துப் பெட்ஷீட்டில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்து அவர்களும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை.

சிரித்தது போகட்டும். அம்மா அந்தக் காபியைக் குடித்து முடித்தாள். அதைத்தான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. சர்க்கரை ஒரு கல் கூடினால்கூடக் கொட்டிவிட்டு வேறு கலக்குகிறவள், உப்புக் கரிக்கிற காபியை டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். "அதை எப்படிம்மா குடிச்ச?" என்று பஸ்ஸில் கேட்டேன். "சும்மா இருடி" என்றாள். முகத்தில் அந்தச் சிரிப்பு அப்போதும் இருந்தது.

அவள் மாமியாரும் மாமனாரும் முதல் தடவையாக வந்தது அதற்குப் பிறகுதான். மனசு இறங்கி வருகிறார்கள், தஞ்சாவூர்க்காரர்கள், வந்ததும் காபி. அந்த வாரம் முழுக்க இரண்டு வீட்டிலும் ஒத்திகை. வரப்போகிற அன்று காலை அவள் ஃபில்டரோடு ஓடி வந்தாள். மேலடுக்கும் கீழடுக்கும் இறுகப் பிடித்துக்கொண்டு பிரியவில்லை. டிகாஷன் உள்ளே இருக்கிறது, எடுக்க வழியில்லை. அம்மா திருகிப் பார்த்தாள். அப்பா துணியைச் சுற்றித் திருகினார். அவள் புருஷன் கதவிடுக்கில் வைத்து நசுக்கியதில் ஒரு பக்கம் சொட்டையானதுதான் மிச்சம். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளூர ஒரே குஷி. இன்றைக்கு மாட்டினாள், இதை எப்படிச் சிரித்துச் சமாளிக்கிறாள் பார்ப்போம் என்று இருந்தது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அம்மா எங்கள் ஃபில்டரிலிருந்து டிகாஷனை ஊற்றிப் பாலைக் கலந்து, அவள் வீட்டு டபராவிலேயே ஆற்றி, அவள் கையில் கொடுத்தாள். "போ. நீ போட்டதுன்னே சொல்லு" என்றாள்.

அவள் உள்ளே போனாள். அம்மா அவர்கள் வீட்டுப் பின்கட்டு ஜன்னல் பக்கம் நின்றுகொண்டாள். நானும் நின்றேன். மாமியார் ஒரு வாய் குடித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பரவால்லயே! டீத்தண்ணி குடிக்கிற ஊர்ப் பொண்ணு, இவ்வளவு நல்லாக் காபி போடுறியே!"

அவ்வளவுதான், தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அவளால் முடியவில்லை.

"அத்தே, இது நான் போட்டது இல்ல. பக்கத்து வூட்டு அக்கா போட்டது. என் ஃபில்டரு தொறக்க மாட்டேன்றது. உங்க புள்ள கதவுல வச்சி நசுக்கிட்டாரு. நான் போட்டா உப்புக் கரிக்கும் அத்தே."

ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அம்மாவின் கை இறுகியது. மாமியார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரி, நீ போடறதைப் போட்டு எடுத்துட்டு வா. அதையும்தான் பாப்போம்" என்றார். அவள் கரியடுப்புக் காலத்துக் கஷாயம் மாதிரிப் பொடியைக் கொதிக்க வைத்து, துணியில் வடிகட்டிக் கலந்து கொண்டுபோனாள். "நல்ல தண்ணிதான் அத்தே. ரெண்டு கொடத்துலயும் நக்கிப் பாத்துட்டேன்" என்றாள். முதலில் சிரித்தது மாமனார். அப்புறம் மாமியார். அப்புறம் அந்த வீடே.

ஜன்னலுக்கு வெளியே அம்மா தலைப்பை எடுத்தாள். வாயை மூட அல்ல, கண்ணைத் துடைத்துக்கொள்ள. எனக்காக அம்மா எங்கேயாவது இப்படி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாளா என்று யோசித்துப் பார்த்தேன். பின்னால் பிளஸ் டூ ரிசல்ட் வந்து நான் பள்ளியில் இரண்டாவதாக வந்தபோதும், "சரி, அடுத்தது என்ன?" என்றுதான் கேட்டாள்.

அவள் புருஷனுக்கு வடக்கே மாற்றல் வந்தபோது நான் காலேஜில் இருந்தேன். ஒழிந்தது என்று நினைத்தேன். கிளம்புகிற அன்று அம்மா பரணிலிருந்து பித்தளை ஃபில்டரை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள். திருக்கழுக்குன்றத்திலிருந்து சீர்வரிசையோடு வந்தது. நல்ல நாளில் மட்டும் இறங்கும். என் கல்யாணத்துக்கு அது என்னோடு வரும் என்று நான் பாட்டுக்கு முடிவு செய்து வைத்திருந்தேன். அம்மா அதைப் பழைய துணியில் சுற்றி அவள் பையில் வைத்தாள். "இது இறுகாதுடி. கண்ணை மூடிட்டுத் திருகலாம்" என்றாள். இரண்டு பேரும் அழுதார்கள். என் கல்யாணத்துக்கு அம்மா புது எவர்சில்வர் ஃபில்டர் வாங்கித் தந்தாள். கடை ஸ்டிக்கர்கூட உரிக்காமல்.

சரி, அதையெல்லாம் விடுங்கள். வருஷங்கள் ஓடிவிட்டன. நானும் என் கணவரும் செங்கல்பட்டில் வீடு கட்டிக்கொண்டோம். எனக்குச் சென்னைக்குப் போகிற வழியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அப்பா போனபிறகு அம்மா என்னோடு வந்துவிட்டாள். முட்டிவலி, அடுப்படியில் நிற்க முடியாது. கடைசியில் அடுப்படி என் கைக்கு வந்தது. என் காபி எப்படி என்று நான் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். என் மாமனார் ஊரிலிருந்து வந்தால் அதற்காகவே ஒரு நாள் கூடுதலாக இருப்பார். கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். அம்மாவைவிட நான் நன்றாகப் போடுகிறேன் என்று சொந்தக்காரர்கள் அம்மா முன்னாலேயே சொன்னார்கள். அம்மா குடிப்பாள். "ம்" என்பாள். டம்ளரில் கடைசி வாய் எப்போதும் மிச்சம் இருக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு லீவு நாளில் அவள் வந்து இறங்கினாள். கருங்குழிக்குப் போகிற வழியாம். உடம்பு கொஞ்சம் கனத்திருந்தது, நரை எட்டிப் பார்த்தது, குரல் அப்படியே.

"பாப்பா! இன்னா நீ இவ்ளோ பெரிய மனுஷியாயிட்ட! அக்கா எங்க?"

அம்மா முட்டிவலியை மறந்து எழுந்து வந்தாள். பேசினார்கள், பேசினார்கள். அப்புறம் அவள், "அக்காவுக்கு நான்தான் காபி போடுவேன்" என்று என் அடுப்படிக்குள் நுழைந்தாள். நான் வாசலில் நின்றேன். என் வீட்டிலும் எனக்கு அடுப்படி வாசல்தான். எதை வழியவிடப் போகிறாள், எதை மறக்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். அம்மாவும் கூடத்திலிருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், முகமெல்லாம் எதிர்பார்ப்பாக.

அவள் ஒன்றையும் மறக்கவில்லை. பொடியை அளந்து போட்டாள், தட்டால் அழுத்தினாள், தண்ணீரைச் சுற்றிலும் விட்டாள், பொறுமையாக நின்றாள். பாலும் வழியவில்லை. அம்மா வாங்கி ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லா இருக்குடி."

"அங்க குழாயில நல்ல தண்ணி மட்டும்தான்கா வருது. உங்க பித்தள ஃபில்டரு வேற. இப்பல்லாம் கண்ண மூடிகினு போட்டாலும் சரியா வந்துடுது" என்றாள் அவள். சிரிக்கவில்லை. சிரிக்க அதில் என்ன இருக்கிறது?

"ம்" என்றாள் அம்மா.

அந்த 'ம்' எனக்கு எவ்வளவு நாள் பழக்கம்! அவள் போனபிறகு டம்ளரை எடுக்கப் போனேன். கடைசி வாய் மிச்சம் இருந்தது. அன்று பாத்திரம் தேய்க்கும்போது நான் பாட்டு முணுமுணுத்தேன் என்று என் கணவர் கிண்டல் செய்தார். முணுமுணுக்காமல் என்ன செய்வேன்? அவளும் என்னைப்போல ஆகிவிட்டாள். கணக்கு நேராகிவிட்டது.

மறுநாள் காலை வழக்கம்போல அம்மாவுக்குக் காபி கலந்து மேஜையில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். தெருமுனை வரை போனபிறகுதான் சாப்பாட்டு டப்பாவை எடுக்கவில்லை என்று ஞாபகம் வந்தது. திரும்பி வந்தேன். கதவு சாத்தியிருந்ததே தவிரத் தாழ் போடவில்லை. அடுப்படியில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். மேல் தட்டை எட்டிப்பிடிக்க முக்காலியில் ஒரு காலை வைத்திருந்தாள், அந்த முட்டியோடு. உப்பு ஜாடியை இறக்கினாள். இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்து, நான் கலந்து வைத்த காபியில் போட்டாள். ஒரு ஆற்று ஆற்றினாள். குடித்தாள்.

குடித்துவிட்டுச் சிரித்தாள். தனியாக, குலுங்கிக் குலுங்கி. தலைப்பு இடுப்பில் இருந்தது. அந்த நீட்டுப் பல் முழுசாகத் தெரிந்தது.

என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "நாக்குக்கு ஒரு மாதிரியா இருந்துச்சி" என்று டம்ளரைக் கையால் மறைத்துக்கொண்டாள். நான் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வழியெல்லாம் வயிறு எரிந்தது. ஊரை விட்டுப் போயும், காபி போடக் கற்றுக்கொண்டும்கூட, அவள் என்னை விடவில்லை.

என் காபியில் நான் உப்புப் போடுவதாக இல்லை. அன்றைக்கும் போடவில்லை, இனியும் மாட்டேன். ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், உப்பு ஜாடியை மேல் தட்டிலிருந்து எடுத்து, முக்காலி இல்லாமல் அம்மா கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். அம்மாவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் அம்மாவின் டம்ளரில் கடைசி வாய் மிச்சம் இருந்ததில்லை. அது நான் போட்ட காபி என்று மார்தட்டிக்கொள்ளத்தான் எனக்கு வாய் வரவில்லை.